நம் உடலின் நாளமில்லாச் சுரப்பிகள்: அமைப்பும் ஹார்மோன்களும்

தன்னைத்தானே உற்று நோக்கி, படைத்தவனின் ஆற்றலை உணர்ந்துகொள்ளுமாறு திருக்குர்ஆன் மனிதனைப் பல இடங்களில் தூண்டுகிறது. கண்ணைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் நாம் ஓரளவு அறிவோம். பயான்களில் எடுத்துச் சொல்கிறோம். ஆனால் வளர்ச்சி, உறக்கம், பசி, உடல் சூடு, பருவமடைதல், பிள்ளைப்பேறு, சோர்வு, பதற்றம் ஆகிய அனைத்திலும் பங்கு வகிக்கும் சில சின்னஞ்சிறு உறுப்புகள் நமக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பழுதான பிறகுதான் நம் வீடுகளில் அவற்றின் பெயரே அடிபடுகிறது. அவைதாம் நாளமில்லாச் சுரப்பிகள்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. "மருமகள் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள்", "பையனுக்குப் புத்தி மந்தம்", "பிள்ளை திடீரென்று மெலிந்துபோனான், கண்ணேறு பட்டிருக்குமோ" என்று ஓதிப் பார்க்க அழைத்து வருகிறார்கள். மார்க்கம் காட்டிய முறையில் ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்று பேருக்குமே ஓர் எளிய இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். நோயைக் குணக்கேடு என்று பழிப்பது அநீதி. தெரியாமல் காலம் தாழ்த்துவது சில நேரங்களில் ஈடுசெய்ய முடியாத இழப்பு. எனவே இந்தச் சுரப்பிகள் எவை, எதனால் ஆனவை, என்ன சுரக்கின்றன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

நாளமில்லாச் சுரப்பி என்றால் என்ன?

சுரப்பிகள் இரு வகை. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர்ச் சுரப்பிகள் தாம் உண்டாக்கும் நீரை ஒரு சிறு குழாய் வழியாக உரிய இடத்தில் கொண்டு சேர்க்கின்றன. அந்தக் குழாய்க்கு நாளம் என்று பெயர். இரண்டாம் வகைச் சுரப்பிகளுக்கு அந்தக் குழாய் கிடையாது. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் விடுகின்றன. அரபியில் இவற்றை 'அல்குததுஸ் ஸம்மா' என்பார்கள். 'குத்தா' என்பது சுரப்பி. 'ஸம்மா' என்பது துவாரமின்றி அடைபட்டது. காது கேளாமையைக் குறிக்கும் 'ஸமம்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

இவை சுரக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குடலுக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலுக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் தன் செரிமான நீரைச் சுரந்தது. அப்படியானால் செய்தி நரம்பு வழியாகப் போகவில்லை. குடலின் உட்சுவரிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தம் வழியாகக் கணையத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு அவர்கள் 'செக்ரிடின்' என்று பெயரிட்டார்கள். இத்தகைய தூதுப் பொருள்களுக்குப் பொதுப்பெயராக 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் 'கிளர்ந்தெழச் செய்தல்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து அது பிறந்தது.

இரத்தத்தில் கலந்த ஹார்மோன் உடல் முழுவதும் சுற்றுகிறது. ஆனால் எல்லா உயிரணுக்களும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அந்தக் குறிப்பிட்ட ஹார்மோனுக்கான 'ஏற்பி' எந்த அணுவில் இருக்கிறதோ அந்த அணு மட்டுமே செயல்படும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு வீட்டாரைப் பெயர் சொல்லி அழைத்தால் மஹல்லா முழுவதும் கேட்கும். எழுந்து வருபவர்கள் அந்த வீட்டார் மட்டும்தான்.

திசு அமைப்பில் பொதுவானவை

நாளமில்லாச் சுரப்பிகளில் பெரும்பாலானவை எபிதீலியத் திசுவிலிருந்து உருவானவை. தோலின் மேற்பரப்பையும் குடலின் உட்பரப்பையும் மூடியிருக்கும் அதே வகைத் திசுதான் இது. கரு வளரும்போது இந்தத் திசுவின் ஒரு பகுதி உள்நோக்கி இறங்குகிறது. நாளமுள்ள சுரப்பிகளில் மேற்பரப்போடு உள்ள தொடர்பு குழாயாக நிலைத்துவிடுகிறது. நாளமில்லாச் சுரப்பிகளில் அந்தத் தொடர்பு அறுந்துபோய், அணுக்கள் கொத்துக்கொத்தாகவும் சரம்சரமாகவும் தனித்து நிற்கின்றன.

இந்தக் கொத்துகளைச் சுற்றி மயிரிழையை விட மெல்லிய இரத்தக் குழாய்கள், அதாவது தந்துகிகள், அடர்த்தியான வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. இத்தந்துகிகளின் சுவரில் சல்லடை போல நுண்துளைகள் உண்டு. சுரந்த ஹார்மோன் நொடியில் இரத்தத்துக்குள் போய்விட இதுவே வழி.

அணுக்களின் உள்ளமைப்பு, அவை எதைத் தயாரிக்கின்றன என்பதைப் பொறுத்தது. இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன் போன்ற புரத வகை ஹார்மோன்களைத் தயாரிக்கும் அணுக்களில், தயாரான சரக்கு சிறு சிறு மணிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். உத்தரவு வந்ததும் வெளியேறும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு வகைகளுக்கு மூலப்பொருள் கொழுப்பு வகையான கொலஸ்ட்ரால். ஆகவே அந்த அணுக்களில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருக்கும். மூன்றாம் வகை, அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் தைராக்சின், அட்ரினலின் போன்றவை.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயன் உண்டு. இன்சுலின் புரதம் என்பதால் வாய்வழி சாப்பிட்டால் இறைச்சியைப் போலவே செரித்துவிடும், அதனால்தான் ஊசி. தைராக்சினும் ஸ்டீராய்டும் செரிமானத்தில் அழிவதில்லை. அதனால் மாத்திரையாகவே தரப்படுகின்றன.

பிட்யூட்டரி

மூளையின் அடியில், மண்டையோட்டின் ஒரு சிறு குழிக்குள், பட்டாணி அளவில் அமர்ந்திருக்கும் சுரப்பி பிட்யூட்டரி. எடை ஏறத்தாழ அரை கிராம். அது அமர்ந்துள்ள எலும்புக் குழிக்கு 'துருக்கிச் சேணம்' என்று உடற்கூறு நூல்களில் பெயர். குதிரைச் சேணத்தின் வடிவில் இருப்பதால் வந்த பெயர் அது.

தமிழில் இதைக் கபச்சுரப்பி என்கிறோம். இலத்தீன் பெயரான பிட்யூட்டரியின் வேர்ச்சொல்லுக்கும் சளி என்றே பொருள். அரபியில் 'அந்நுகாமிய்யா', நுகாமா என்றாலும் சளிதான். மூளையின் கழிவு இதன் வழியாகச் சளியாக மூக்கில் இறங்குகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். அந்தத் தவறான நம்பிக்கை மூன்று மொழிகளிலும் பெயராக நிலைத்துவிட்டது.

இதன் இரு மடல்களும் பிறப்பிலேயே வேறானவை. முன்மடல், கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலெழும்பிய சுரப்பித் திசு. பின்மடல், மூளையிலிருந்து கீழிறங்கிய நரம்புத் திசு. முன்மடல் ஆறு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. வளர்ச்சி ஹார்மோன், தாய்ப்பாலை உண்டாக்கும் புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்., இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவை அவை. பின்மடல் தானாக எதையும் தயாரிப்பதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி தயாரித்து அனுப்பும் இரண்டைச் சேமித்து வைத்து வெளியிடுகிறது. ஒன்று, சிறுநீரில் நீர் வீணாகாமல் தடுக்கும் ஹார்மோன். மற்றொன்று ஆக்ஸிடோசின், பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், குழந்தை வாய் வைத்ததும் தாய்ப்பாலை இறங்கச் செய்வதும் அதுதான்.

வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராது. எலும்பின் முனைகளில் உள்ள வளர்தட்டுகள் பருவ வயதின் முடிவில் மூடிவிடுகின்றன. அதன்பின் எந்த மருந்தாலும் உயரம் கூட்ட முடியாது. வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளைவிட மிகக் குள்ளமாக இருக்கும் பிள்ளையை மூடுவதற்கு முன்பே காட்ட வேண்டும்.

அளவைக் காக்கும் ஏற்பாடு

இந்தச் சுரப்புகள் எப்படி அளவோடு நிற்கின்றன? பள்ளிவாசல் ஹவ்ளில் மிதவை பொருத்திய தண்ணீர்க்குழாயைப் பார்த்திருப்பீர்கள். நீர் குறைந்தால் மிதவை இறங்கி வழி திறக்கும். நிறைந்தால் ஏறி அடைக்கும். உடலிலும் அதே ஏற்பாடுதான். இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி அதிக டி.எஸ்.எச். அனுப்பித் தைராய்டை முடுக்குகிறது. தைராக்சின் போதுமான அளவு வந்ததும் டி.எஸ்.எச். தானாகக் குறைகிறது.

பரிசோதனைச் சீட்டில் 'டி.எஸ்.எச். அதிகம்' என்று இருந்தால், 'தைராய்டு அதிகம்' என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது: தைராய்டு சோர்ந்துவிட்டது, எனவே பிட்யூட்டரி உரக்கக் கூப்பிடுகிறது.

தைராய்டு

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் இரு இறக்கைகள் போல அமைந்த சுரப்பி இது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம். கிரேக்கத்தில் 'தைராய்டு' என்றால் கேடயம் போன்றது; தமிழில் கேடயச் சுரப்பி; அரபியில் 'அத்தரகிய்யா', தோல் கேடயத்தைக் குறிக்கும் 'தரகா'விலிருந்து வந்தது.

இதன் திசு மற்றெல்லாச் சுரப்பிகளிலிருந்தும் மாறுபட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் மணிமணியான நுண்பைகள் தெரியும். ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசை அணுக்களால் ஆனது. நடுவே கூழ் போன்ற பொருள் நிறைந்திருக்கும். அந்தக் கூழில்தான் ஹார்மோன், தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு பிணைந்து சேமிக்கப்படுகிறது. மற்றச் சுரப்பிகள் சரக்கை அணுவுக்குள் வைக்கின்றன. தைராய்டு மட்டும் அணுக்களுக்கு வெளியே, நடுவிலுள்ள இந்தக் குதிரில் வாரக்கணக்கில் போதுமான இருப்பை வைத்துக்கொள்கிறது. சுரப்பி ஓய்வாக இருக்கும்போது சுவர் அணுக்கள் தட்டையாகவும், முழுவீச்சில் இயங்கும்போது உயரமாகவும் தெரியும். பைகளுக்கு இடையே சிதறிக் கிடக்கும் 'சி' அணுக்கள் கால்சிடோனின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கின்றன.

தைராய்டின் மூலப்பொருள் அயோடின். நான்கு அயோடின் அணுக்கள் சேர்ந்தது டி4 எனப்படும் தைராக்சின். மூன்று சேர்ந்தது டி3. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுரப்பி நாளொன்றுக்கு உண்டாக்கும் தைராக்சின் ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபது ஆண்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் ஏறத்தாழ பாதி. ஒரு மனிதனின் அறிவும் உடல் சூடும் இதயத் துடிப்பின் வேகமும் இந்தச் சிறு அளவை நம்பி நிற்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

சுரப்பு குறைந்தால் சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பெருத்தல், மலச்சிக்கல், முடி உதிர்தல், மறதி, மாதவிடாய்க் கோளாறு, மன வாட்டம் தோன்றும். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது. சஹருக்கு எழ முடியாத மருமகளை, அடுப்படியில் அடிக்கடி உட்கார்ந்துவிடும் மனைவியைச் சோம்பேறி என்று சொல்லுமுன் டி.எஸ்.எச். பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். சுரப்பு கூடினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், சிலருக்குக் கண்கள் பிதுங்குதல். கழுத்து வீக்கத்துக்கும் கண் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பை 12-ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக மருத்துவ அறிஞர் இஸ்மாயீல் அல்ஜுர்ஜானீ குறித்துவைத்தார். ஐரோப்பாவில் ராபர்ட் கிரேவ்ஸ் இந்நோயை விவரித்தது 1835-ல்.

பிறந்த குழந்தையின் தைராய்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் ஏறத்தாழ 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சரியாக அமையாமல் பிறக்கிறது. தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு கிடைத்திருப்பதால் பிறந்தவுடன் பெரும்பாலான குழந்தைகளிடம் அறிகுறி எதுவும் தெரியாது. பிறகு மஞ்சள் காமாலை நீடிக்கும், பால் குடிப்பது மந்தமாகும், மலச்சிக்கல் வரும், எந்நேரமும் தூங்கும். "சமத்துப் பிள்ளை, அழவே அழாது" என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். அதற்குள் மூளை வளர்ச்சிக்கான நாட்கள் கடந்துவிடும். இழந்த அறிவைப் பின்னர் எந்த மருந்தும் மீட்டுத் தராது.

தொப்புள்கொடி இரத்தத்திலோ, பிறந்து இரண்டு மூன்று நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்திலோ இதைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளர்வார்கள். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு ஏற்பாடு செய்யும் தந்தை, அதற்கு முன்பே "தைராய்டு பார்த்தாயிற்றா?" என்று மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் சொந்தத் தைராய்டு இயங்குவதில்லை. தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. எனவே கர்ப்பம் உறுதியானவுடன் தாய்க்கும் பரிசோதனை தேவை. உப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத் தடுக்க இந்திய அரசு 1962-ல் தேசியத் திட்டம் தொடங்கியது. அயோடின் கலந்த உப்பு அதன் விளைவுதான். 'இயற்கை' என்று நம்பி இந்துப்புக்கு முழுவதுமாக மாறிவிட்ட வீடுகளில் அந்த அயோடின் கிடைப்பதில்லை. அயோடின் உப்பையும் திறந்து வைக்காமல் மூடி வைக்க வேண்டும்.

பாராதைராய்டு

தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ஓவன் இதைக் கண்டார். மனிதரிடம் இதை 1880-ல் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம். நெருக்கமாக அடுக்கிய 'முதன்மை அணுக்கள்' இங்கு பாராதார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்து அளவைச் சரிசெய்வது இதன் வேலை. கால்சியம் மிகவும் குறைந்தால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும், வலிப்புகூட வரும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதாகச் சொன்னால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அட்ரினல்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி போல ஒவ்வொன்று. தலா 4 முதல் 5 கிராம். இதுவும் இரண்டு சுரப்பிகள் ஒன்றானது போன்றதுதான். வெளிப்புறம் புறணி, உட்புறம் அகணி.

புறணியில் மூன்று அடுக்குகள். மேலடுக்கில் அணுக்கள் பந்துபந்தாகச் சுருண்டிருக்கும். அங்கிருந்து வருவது உப்பையும் இரத்த அழுத்தத்தையும் காக்கும் ஆல்டோஸ்டிரோன். நடு அடுக்கில் நீண்ட நேர்வரிசைகள், கொழுப்புத் துளிகள் நிறைந்தவை, அங்கிருந்து கார்டிசால். உள்ளடுக்கு வலைபோன்றது, அங்கு சிறிதளவு ஆண்மை ஹார்மோன்கள். அகணியோ நரம்பு மண்டலத்தோடு ஒரே மூலத்தில் பிறந்த திசு. அதனால்தான் பாம்பைக் கண்ட கணத்தில் மூளையின் உத்தரவு நரம்பு வழியே வந்து, அட்ரினலின் நொடிகளில் பாய்ந்து, இதயம் படபடக்கிறது.

கார்டிசால் இரவின் பிற்பகுதியில் ஏறத் தொடங்கி, விழித்தெழும் அதிகாலையில் உச்சத்தை அடைகிறது. நோய், காயம், பட்டினி ஆகியவற்றைத் தாங்கும் வலிமையைத் தருவது இதுதான். அட்ரினல் முற்றிலும் செயலிழந்தால் என்னவாகும் என்பதை 1855-ல் தாமஸ் அடிசன் எழுதினார்: தளர்ச்சி, எடைக் குறைவு, தோல் கறுத்தல், இறுதியில் மரணம். இன்று அதற்கு மாத்திரை இருக்கிறது.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. ஆஸ்துமா, மூட்டுவலி, தோல்நோய் ஆகியவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, 'வெளியிலிருந்துதான் வருகிறதே' என்று அட்ரினல் வேலையை நிறுத்திவிடுகிறது. அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயரும் விவரமும் இல்லாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்து விற்கும் போலி வைத்தியர்களும் இருக்கிறார்கள். மூட்டுவலி இரண்டே நாளில் பறந்து, சில மாதங்களில் முகம் உப்பி வட்டமானால் ஐயப்படுங்கள்.

கணையத்தின் திட்டுகள்

கணையம் இரண்டு வேலை செய்யும் உறுப்பு. அதன் பெரும்பகுதி, குழாய் வழியே செரிமான நீரை அனுப்புகிறது. அதற்கு நடுவே கடலில் தீவுகள் போல வெளிறிய அணுத்திட்டுகள் கிடப்பதை 1869-ல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கண்டார். சுமார் பத்து லட்சம் திட்டுகள். ஆனால் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். இவற்றின் பீட்டா அணுக்கள் இன்சுலினையும், ஆல்ஃபா அணுக்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன. சாப்பிட்டபின் சர்க்கரையை அணுக்களுக்குள் அனுப்புவது இன்சுலின்; பசித்திருக்கும்போது கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே எடுப்பது குளுக்ககான். நோன்பு நாளின் பிற்பகலில் நம்மை நிற்க வைப்பதில் குளுக்ககானுக்குப் பெரும் பங்குண்டு.

பீட்டா அணுக்கள் அழிந்துபோனால் முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காவிட்டால் இரண்டாம் வகை. அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு ஆகிய மூன்றும் ஒரு சிறுவனிடம் சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு என்றால் குழந்தைக்கு மரணம் உறுதி. அன்றைய இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பின்னர் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டது. அதை வைத்து "இன்சுலின் ஹராமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். 1982 முதல், நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆய்வகத்தில் தயாரிக்கும் மனித இன்சுலின் வந்துவிட்டது. இன்று நம் மருந்துக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது அந்த வகைதான். பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். இந்த ஐயத்தால் யாரும் ஊசியை நிறுத்திவிடக் கூடாது.

இனப்பெருக்கச் சுரப்பிகளும் மற்றவையும்

ஆணின் விதைப்பைகளில், விந்தணு உருவாகும் நுண்குழல்களுக்கு இடையே உள்ள லீடிக் அணுக்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. பெண்ணின் சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்த நுண்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. முட்டை வெளியேறியபின் அந்தப் பையே மஞ்சள் நிறத் திசுவாக மாறி, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது.

பாலிக் ஆவதற்கான அடையாளங்களை ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். அவற்றின் பின்னணியில் இருப்பவை இந்த ஹார்மோன்கள்தாம். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ பருவ அறிகுறிகள் தோன்றினாலும், பெண்ணுக்கு 13, ஆணுக்கு 14 வயதாகியும் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹைள் நாட்கள் தாறுமாறானால் தொழுகைச் சட்டம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதோடு, சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு ஆகியவற்றையும் பரிசோதிப்பது நல்லது. குழந்தைப்பேறு தாமதமானால் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள். குறை கணவரிடமும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து செல்வதே நீதி.

மூளையின் நடுவே உள்ள பினியல், இருள் சூழ்ந்ததும் மெலடோனினைச் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. இரவில் கைப்பேசியின் வெளிச்சம் இதைக் குறைக்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ், சிறுவயதில் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பயிற்றுவித்துவிட்டு, பருவ வயதுக்குப் பின் சுருங்கிக் கொழுப்புத் திசுவாக மாறிவிடுகிறது.

ரமளானில் கவனிக்க வேண்டியவை

1. தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது. ரமளானில் சஹர் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்போ, இரவு உணவு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போதோ எடுக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு மாதம் முழுவதும் விட்டுவிடுவது தவறு.

2. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1997-ல் ஜித்தாவில் நடந்த அமர்வில், ஊட்டச்சத்து அல்லாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. இன்சுலின் ஊசி அதில் அடங்கும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலும் நோன்பு முறியாது.

3. நீரிழிவு உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். அஸருக்குப் பின் என்பதற்காக மஃரிப் வரை காத்திருக்கக் கூடாது.

4. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், இன்சுலின் எடுக்கும் கர்ப்பிணிகள், சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கியவர்கள், அட்ரினல் குறைபாடு உள்ளவர்கள் தமது மருத்துவரின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். "வைக்காதே" என்று அவர் சொன்னால் அது அல்லாஹ் நோயாளிக்குத் தந்த சலுகை. பின்னர் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைவாக

அல்லாஹ் அனைத்தையும் அளவோடு படைத்திருப்பதாக நாம் நம்புகிறோம். மைக்ரோகிராம் கணக்கில் கூடாமலும் குறையாமலும் நிற்கும் இந்தச் சுரப்புகள் அந்த அளவின் அடையாளங்கள். அந்த அளவு ஒருவரிடம் பிசகினால் அது அவர் செய்த குற்றமில்லை. அவருக்கு வந்த சோதனை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஏவியிருக்கிறார்கள். எனவே துஆவும் செய்வோம், பரிசோதனையும் செய்வோம், மருந்தைத் தவறாமல் எடுப்போம். வீட்டில் ஒருவர் தளர்ந்து உட்கார்ந்தால், கடிந்து பேசுமுன் "உடம்புக்கு என்ன?" என்று கேட்போம்.

நம் குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.